சின்ன மரப்பெட்டியின் உள்குழியைத் தேய்க்க எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரப்பெட்டியின் வெளிப்பக்கத்தைத் தேய்ப்பது எல்லோருக்கும் வந்துவிடும். உள்ளே இருக்கிற குழிதான் ஆளைச் சோதிக்கும். மோதிரம் வைக்கிற பள்ளம், பேனா படுக்கிற வாய்க்கால், மூடியின் உட்புறத்தில் குடைந்த இடம், வட்டத் துளை என்று எதை எடுத்தாலும் கை முழுசாக நுழையாது, மிஷின் நுழையாது, வெளிச்சம்கூடச் சரியாக விழாது. ஆனால் பெட்டியைத் திறக்கிறவரின் விரல் முதலில் போவது அங்கேதான். பல வருடமாகச் சின்னப் பெட்டிகள் செய்துவருகிறேன். இந்த விஷயத்தில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

வெளியே தேய்க்கிற வட்ட சாண்டரையே உள்ளேயும் விடலாமா?

வேண்டாம். பொதுவாகக் கிடைக்கிற ராண்டம் ஆர்பிட்டல் சாண்டரின் (வட்ட உப்புத்தாள் மாட்டித் தேய்க்கிற மின்கருவி) தட்டு 125 மி.மீ. விட்டம். சின்னப் பெட்டியின் உள் அகலமே 80, 90 மி.மீ. தான் இருக்கும், அதனால் பல சமயம் அது நுழையவே நுழையாது. கொஞ்சம் பெரிய பெட்டியாக இருந்து நுழைந்துவிட்டால்தான் ஆபத்து. அந்தத் தட்டு சுழன்றுகொண்டே சின்ன வட்டமாக ஆடவும் செய்யும், ஆடும்போது விளிம்பு பக்கச் சுவரில் முட்டும், முட்டியதும் மிஷின் எகிறி குழியின் தரையில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பைப் போட்டுவிடும். அந்த ஒரு பிறையை எடுப்பதற்காகத் தரை முழுவதையும் இறக்க வேண்டிவரும். இத்தனைக்கும் வட்டத் தட்டு மூலைக்குப் போகவே போகாது.

அப்படியானால் எதை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

குழியின் வடிவத்தை வைத்து. மோட்டாரின் சக்தி, கருவியின் பெயர் எல்லாம் அப்புறம். முதலில் விரலை உள்ளே விட்டு நிதானமாகத் தடவிப் பாருங்கள். தரை தட்டையா, கிண்ணம்போல் வளைந்திருக்கிறதா? மூலை கூராக இருக்கிறதா, உருண்டிருக்கிறதா? சுவர் எவ்வளவு ஆழம்? தட்டையான இடத்துக்குத் தட்டையான கெட்டிக் கட்டை, உருண்ட மூலைக்கு உருண்டைக் குச்சி, வளைந்த இடத்துக்கு வளைந்து கொடுக்கிற மெத்தை. இதை மாற்றிச் செய்தால்தான் மூலை மழுங்குகிறது, தரையில் பள்ளம் விழுகிறது.

இரண்டாவதாக, அந்தக் குழி எப்படி வந்தது என்று பாருங்கள். ரவுட்டர் (சுழலும் வெட்டு முனையால் மரத்தைக் குடைகிற மிஷின்) விட்டதா, ட்ரில்லில் ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியுள்ள துளை போடுகிற முனை) போட்டுக் குடைந்ததா, பேண்ட்சாவில் (பட்டை ரம்ப மிஷின்) அறுத்ததா, நாலு பலகையை ஒட்டியதால் உண்டானதா? ஒவ்வொன்றும் விட்டுப்போகிற தழும்பு வேறு. ரவுட்டர் கருகலையும் வட்டக் கோடுகளையும் விடும். பேண்ட்சா, ரம்பத்தின் வரிகளை விடும். ஒட்டிய பெட்டியில் பசைதான் தொல்லை.

ஒரே ஒரு கருவிதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால்?

உப்புத்தாள் ஒட்டிய ஒரு மரச் சட்டம். இதை எளிமைக்காகச் சொல்லவில்லை. என் மேஜையில் ரோட்டரி கருவி (சின்னத் தலைகளை வேகமாகச் சுழற்றுகிற கைக்கருவி) இருக்கிறது, மல்டி டூல் (தலை இப்படியும் அப்படியும் ஆடுகிற மின்கருவி) இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் கை தானாகப் போவது இந்தச் சட்டத்துக்குத்தான்.

செய்வது சுலபம். 150 மி.மீ. நீளம், 20 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிப்பில் நேரான ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டி மரமோ எம்.டி.எஃப். பலகையோ போதும், வளையக் கூடாது, அவ்வளவுதான். ஒரு முகத்தில் மட்டும் மெல்லிய இரட்டைப்பக்க டேப் ஒட்டி அதன்மேல் உப்புத்தாளை ஒட்டுங்கள். நுரை மாதிரி மெத்தென்று இருக்கிற டேப் வேண்டாம், அது அழுத்தும்போது அமுங்கி ஓரங்களை உருட்டிவிடும். ஒட்டிய பிறகு தாள் பக்கத்தைக் கீழே வைத்துக் கத்தியால் சட்டத்தின் விளிம்போடு விளிம்பாக வெட்டுங்கள். தாள் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால்கூட மூலையில் மடங்கிச் சுவரைக் கீறும்.

இன்னொரு சின்ன வேலை செய்தால் சட்டத்தின் தரமே மாறிவிடும். தாள் ஒட்டிய முகத்திலிருந்து பின்பக்கம் போகப்போக ஒடுங்குகிற மாதிரி பக்கவாட்டு விளிம்புகளைக் கொஞ்சம் சரிவாக இழைத்துவிடுங்கள். அப்போது சட்டம் மூலைக்குள் போகும்போது தாளின் ஓரம் மட்டும் மூலைக்கோட்டைத் தொடும், சட்டத்தின் உடம்பு பக்கத்துச் சுவரில் உரசாது. தரைக்கு இதே போலக் குட்டையாக, 40க்கு 25 மி.மீ. அளவில் ஒரு கட்டை செய்து மேலே பிடிப்பதற்கு ஒரு குமிழ் ஒட்டிக்கொள்ளுங்கள். கிரிட் (தாளின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடக்கூடத் தாள் மென்மை) ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம், பின்னால் எண்ணை எழுதி வையுங்கள்.

கூர்மையான மூலை தேய்க்கத் தேய்க்க உருண்டுபோகிறது. என்ன தப்பு?

தாளை விரலில் சுற்றியோ மடித்தோ தேய்க்கிறீர்கள். விரல் உருண்டை, மடிப்பும் உருண்டை, அதனால் மூலையும் அந்த வடிவத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரைத் தேய்க்கும்போது தரை தொடப்படக் கூடாது, தரையைத் தேய்க்கும்போது சுவர் தொடப்படக் கூடாது. அதற்காகத்தான் சட்டத்தில் ஒரு முகத்துக்கு மட்டும் தாள்.

உந்துகிற விதமும் முக்கியம். குழிக்குள் முன்னும் பின்னும் வேகமாகத் தள்ளினால் ஒவ்வொரு தடவையும் கட்டை எதிர்ச் சுவரில் இடிக்கும், இடிக்கிற இடத்தில் ஒரு கோடு விழும். நான் மூலையில் கட்டையை வைத்து நடுவை நோக்கி இழுப்பேன், தூக்குவேன், மறுபடி மூலையில் வைப்பேன். பாதித் தரை முடிந்ததும் பெட்டியைத் திருப்பிவைத்து எதிர் மூலையிலிருந்து அதே மாதிரி. மெதுவான வேலைதான், ஆனால் மூலை கத்தி மாதிரி நிற்கும்.

மூலைக்கோட்டிலேயே பிசிறு நின்றால் உப்புத்தாளால் அதை எடுக்க முயலாதீர்கள். நன்றாகத் தீட்டிய உளியை நிமிர்த்திப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

ரவுட்டர் விட்ட குழியில் மூலை உருண்டையாகத்தான் இருக்கிறது. அதற்கு?

மூலையின் வளைவு ரவுட்டர் பிட்டின் அளவைப் பொறுத்தது. 12 மி.மீ. பிட் என்றால் மூலையின் ஆரம் 6 மி.மீ. அதற்கு 12 மி.மீ. குச்சியை எடுத்தால் தாள் சுற்றியதும் தடித்துப்போய் மூலையின் இரண்டு பக்கமும் இடிக்கும், நடு வளைவைத் தொடாது. 10 மி.மீ. உருண்டைக் குச்சியை எடுத்துத் தாளைச் சுற்றுங்கள், அப்போது வளைவுக்குள் உட்காரும். குச்சி கொஞ்சம் சின்னதாக இருப்பதில் தவறில்லை, பெரிதாகத்தான் இருக்கக் கூடாது. மேலும் கீழும் இழுக்கும்போதே குச்சியைக் கொஞ்சம் உருட்டிக்கொடுங்கள், அதே இடத்தில் கோடு விழாது.

ரோட்டரி கருவி வாங்கலாமா? ட்ரம் தலை (உப்புத்தாள் மாட்டிய சின்ன உருளை) போட்டால் குழிக்குள் அழகாகப் போகிறதே?

போகும். அதுதான் பிரச்சினை. இந்தக் கருவிகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 முதல் 35,000 சுற்று வரை ஓடும், ட்ரம்மின் விட்டம் பெரும்பாலும் 13 மி.மீ. தான். அவ்வளவு சின்ன உருளை அவ்வளவு வேகத்தில் தட்டையான சுவரைத் தொட்டால் தொட்ட இடத்தில் பள்ளம், கை கொஞ்சம் நகர்ந்தால் அடுத்த பள்ளம், சுவர் முழுக்க அலையலையாகிவிடும். கண்ணுக்கு உடனே தெரியாது. பாலிஷ் ஏறியதும் அத்தனை அலையும் எழுந்து நிற்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தோதகத்தி மரத்தில் ஒரு நகைப்பெட்டி, உள்ளே நாலு குழி. மூன்றைச் சட்டத்தால் தேய்த்து முடித்துவிட்டு, நேரமாகிவிட்டதே என்று நாலாவதில் ட்ரம்மை விட்டேன். சுவர் ஓரத்தில் ட்ரம் ஒரு கணம் பிடித்து இழுத்தது. குழிகளுக்கு நடுவில் இருந்த தடுப்பு 4 மி.மீ. தடிப்புதான், அதில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கவ்வல். தடுப்பு முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, நாலு குழியை மூன்று குழியாக மாற்றி அந்தப் பெட்டியை முடித்தேன். மிச்சப்படுத்த நினைத்தது கால் மணி நேரம், போனது இரண்டு நாள்.

இருந்தாலும் ரோட்டரி கருவி பயனில்லாதது என்று சொல்ல மாட்டேன். வளைந்து நெளிந்த குழி, இலை வடிவம், செதுக்கு வேலை இருக்கிற உட்பகுதி, இவற்றில் அதற்கு இடம் உண்டு. வேகத்தைக் குறைத்து வையுங்கள், ட்ரம்மைவிட உப்புத்தாள் இதழ்களை அடுக்கிய ஃப்ளாப் சக்கரம் மென்மையாக வேலை செய்யும், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். வளையும் தண்டு ஒன்றை மாட்டிக்கொண்டால் கருவியின் கனம் கையில் இருக்காது, பேனா பிடிப்பதுபோல் பிடிக்கலாம்.

முக்கோணத் தட்டு உள்ள டீட்டெய்ல் சாண்டரும் மல்டி டூலும்?

பெட்டி பெரிதாக இருந்தால் நல்ல துணை. மல்டி டூலின் தலை சுழலாது, சில டிகிரி மட்டும் இப்படியும் அப்படியும் ஆடும், நிமிடத்துக்கு 10,000 முதல் 20,000 முறை. அதனால் முக்கோண முனையை மூலை வரை கொண்டுபோக முடிகிறது. ஆனால் அந்தத் தட்டின் பக்கம் ஒன்று 80 முதல் 90 மி.மீ. வரை இருக்கும், மேலே கருவியின் கழுத்துக்கும் இடம் வேண்டும். உள் அளவு 120 மி.மீ.க்குக் குறைவான, ஆழமான பெட்டியில் இதைத் திருப்பக்கூட முடியாது. ஆழம் குறைந்த தட்டுகள், மூடியின் உட்புறம் போன்றவற்றுக்கு எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: முனையை மட்டும் அழுத்தாதீர்கள். முனையில் தாள் சீக்கிரம் தேய்ந்து, அடியிலிருக்கும் பிடிப்பு மெத்தை சூடாகி உருகிப்போகும். தாளை ஒவ்வொரு தடவையும் திருப்பிப்போட்டு மூன்று முனையையும் பயன்படுத்தினால் தாளும் மிச்சம்.

வட்டத் துளைக்கு எது?

ஒரு குச்சியின் முனையில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, அதில் உப்புத்தாள் துண்டைச் செருகிச் சுற்றி, கை ட்ரில்லில் மாட்டி மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். துளையின் சுவருக்கு இதைவிட நல்லது கிடைக்காது, துளையின் அளவுக்கு ஏற்றபடி சுற்றைக் கூட்டலாம் குறைக்கலாம்.

துளையின் தரைதான் தலைவலி. ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் நடு முள் ஒரு குத்து விட்டுப்போகும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது, அவ்வளவு ஆழம். கடைசி இரண்டு மில்லிமீட்டரை ரவுட்டரால் இறக்கிச் சமப்படுத்துங்கள், இல்லையென்றால் ஒரு வட்டத் துணியோ தோலோ வெட்டி ஒட்டிவிடுங்கள். தரையைத் தேய்க்க, துளையைவிடக் கொஞ்சம் சின்ன விட்டமுள்ள உருளையின் அடியில் தாளை ஒட்டி, கையால் திருகுவது போதும்.

கிண்ணம்போல் வளைந்த குழி என்றால்?

இங்கே கெட்டிக் கட்டை வேலைக்கு ஆகாது. ட்ரில்லில் மாட்டுகிற 50 மி.மீ. நுரைத் தட்டும், அதில் ஒட்டி எடுக்கிற வட்டத் தாள்களும் சரியான தேர்வு. கிண்ணம் கடைகிறவர்கள் பயன்படுத்துகிற அதே பொருள்தான். தட்டின் முழு முகத்தையும் வைக்காமல் ஒரு ஓரத்தை மட்டும் படவைத்து, ட்ரில்லை நகர்த்திக்கொண்டே இருங்கள். கடைசிக் கிரிட்டைக் கையால், மர ரேகையின் போக்கில் முடித்தால் வட்டக் கீறல்கள் மறையும்.

உப்புத்தாளே இல்லாமல் முடியாதா?

முடியும், நிறைய இடத்தில் அதுதான் நல்லதும்கூட. மெல்லிய எஃகுத் தகடான ஸ்கிரேப்பர் ஒன்றைக் குழியின் அகலத்துக்கு வெட்டி, விளிம்பைத் தீட்டி, ஒரு கெட்டி இரும்பால் அழுத்தி மயிரிழை அளவு கொக்கி ஏற்றிவிட்டால், தரையை மெல்லிய சுருளாகச் சீவி எடுக்கும். தூளுக்குப் பதில் சுருள் வந்தால் சரியாகத் தீட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ரவுட்டர் கோடுகளையும் பசைக் கறையையும் எடுக்க இதற்கு இணை இல்லை. வளைந்த அரம் ஒன்று கையில் இருந்தால் குறுகிய வளைவுகளுக்கு உதவும், ஆனால் அதன் கீறலை மறுபடி தாளால் எடுக்க வேண்டும்.

எந்த கிரிட்டில் தொடங்கி எதில் முடிப்பது?

தழும்பு ஆழமாக இருந்தால் 120, இல்லையென்றால் நேராக 150 அல்லது 180, முடிப்பது 220. குழிக்குள் 80ஐக் கொண்டுபோகாதீர்கள். 80 எண் தாளின் துகள் ஏறக்குறைய 0.2 மி.மீ., 220இன் துகள் 0.07 மி.மீ. சுற்றுவட்டாரம். 80 போட்ட கீறலை எடுக்கத் திறந்த பலகையிலேயே நேரமாகும், கை நுழையாத குழியில் அதற்கு முடிவே இருக்காது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே கட்டையைக் குடைந்து செய்த குழியில் இரண்டு சுவர் ரேகையோடு ஓடும், மற்ற இரண்டு சுவரில் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு, குழல் வாய்கள் திறந்து நிற்கும். அந்த இரண்டு சுவரும் எண்ணெயையும் சாயத்தையும் கூடுதலாகக் குடித்துக் கறுத்துவிடும். மற்ற இரண்டையும் 220இல் நிறுத்திவிட்டு இவற்றை மட்டும் 320 வரை கொண்டுபோனால் நிறம் கிட்டத்தட்ட ஒத்துப்போகும்.

முடிந்ததா என்று பார்க்க மேல் விளக்கு போதாது. ஒரு சின்ன டார்ச்சைக் குழியின் ஓரத்தில் படுக்கவைத்துப் பாருங்கள், ஒவ்வொரு கீறலும் நிழல் போடும். தேய்ப்பதற்கு முன்னால் பென்சிலால் தரை முழுக்கக் கிறுக்கிவைப்பதும் நல்ல பழக்கம். எந்த இடத்தில் கிறுக்கல் போகவில்லையோ அங்கே தாள் தொடவில்லை.

ரவுட்டர் கருகல் போகவே மாட்டேன் என்கிறது.

கருகல் எடுக்க ஸ்கிரேப்பர்தான். கருகிய இடம் கெட்டிப்பட்டிருக்கும், மெல்லிய தாள் அதன்மேல் வழுக்கும். அடுத்த பெட்டியில் கருகலே வராமல் பாருங்கள். பிட் கூராக இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், கடைசிச் சுற்றில் அரை மில்லிமீட்டர் மட்டும் விட்டு எங்கேயும் நிற்காமல் ஓட்டுங்கள். கருகல் முக்கால்வாசி மூலையில்தான் வருகிறது, ஏனென்றால் திரும்பும்போது நம் கை அங்கேதான் தயங்குகிறது.

பசை வழிந்த மூலை?

ஈரமாக இருக்கும்போது துணியால் துடைத்தால் பசை கரைந்து மரத் துவாரங்களில் இறங்கிவிடும், பாலிஷ் போட்டதும் வெளிறிய திட்டாகத் தெரியும். அரை மணி நேரம்போல் விட்டு, ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளி முனையால் நெம்பினால் நூல் மாதிரி உரிந்து வரும். ஒட்டுவதற்கு முன் மூலையை ஒட்டி மாஸ்கிங் டேப் போட்டுவைத்தால் அதோடு சேர்த்தே எடுத்துவிடலாம்.

பெட்டியைச் சேர்ப்பதற்கு முன்பே தேய்த்துவிட்டால்?

அதைத்தான் செய்ய வேண்டும்! பலகைகளை ஒட்டிச் செய்கிற பெட்டியில் உள்முகங்கள் எல்லாம் மேஜைமேல் தட்டையாகக் கிடக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அப்போதே 220 வரை முடித்து, ஒட்டுகிற பகுதிகளை டேப்பால் மறைத்து, பாலிஷும் போட்டுவிடுங்கள். பின்னால் சிந்துகிற பசையும் பாலிஷ்மேல் அவ்வளவாகப் பிடிக்காது. இணைப்பு வருகிற இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள், அங்கே தேய்த்தால் இணைப்பில் இடைவெளி தெரியும். இந்தப் பக்கத்தில் சொன்ன கருவிகள் எல்லாம், இப்படி முன்கூட்டிச் செய்ய முடியாத, கட்டையைக் குடைந்த பெட்டிகளுக்குத்தான் உண்மையில் தேவைப்படுகின்றன.

முகமூடி அவசியமா? கையால்தானே தேய்க்கிறோம்?

அவசியம். குழியைப் பார்ப்பதற்காக முகத்தைப் பெட்டிக்கு மிக அருகில் கொண்டுபோகிறோம், தூள் நேராக மூக்குக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் குழுவில் சேர்த்துவிட்டது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 வகை முகமூடி போடுங்கள். குழியில் சேர்ந்த தூளை வாயால் ஊதாதீர்கள், அது கண்ணுக்குத்தான் வரும். மெல்லிய தூரிகையும் வேக்குவமும் போதும்.

உள்ளே எண்ணெய் பூசலாமா?

ஆளி விதை எண்ணெய் மாதிரியானவற்றை மூடிய பெட்டிக்குள் பூசினால் வாசனை பல மாதம் உள்ளேயே தங்கும், சிக்காகவும் மாறும். நான் உள்ளே அரக்கு பாலிஷ் மட்டும் போடுகிறேன், சீக்கிரம் காய்கிறது, மணம் நிற்பதில்லை. முதல் பூச்சு காய்ந்ததும் மர நார் எழுந்து சொரசொரவென்று இருக்கும். அப்போது அதே சட்டத்தில் 320 தாளை ஒட்டி, அழுத்தாமல், சட்டத்தின் கனத்தில் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த பூச்சைப் போடுங்கள்.